கிடக்கட்டும் என்று விட்ட சம்பளம்

1

இந்த ஜூன் மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் முடிந்தன. தென்காசியில் சாரல் தொடங்கிய வாரத்தில் பெட்டி கட்டியவள் நான். நாடெல்லாம் குற்றாலத்துக்கு வந்து குவிகிற நாளில் இவள் மட்டும் கிளம்பிப் போகிறாளே என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள். வருடா வருடம் அந்த நாளில் வீட்டில் சொதி வைப்பேன். டப்பாத் தேங்காய்ப்பால் திரிந்துபோய்விட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு சாப்பிடுவேன். இந்த முறை சொதி வைக்கவில்லை. காரணம் இசக்கிமுத்து.

இசக்கிமுத்து வாசுதேவநல்லூர்க்காரர். முப்பத்தெட்டு வயது. மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவில் துணையாக வந்தவர், நான் சம்பளப் பிரிவில் இருக்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற சலவைக் கம்பெனி. ஊரில் இருந்தபோது குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பதினோரு சீசன் வேலை பார்த்தவர். “அங்கன கையால பிழிஞ்சேன், இங்கன மிஷினு பிழியுது. வேற என்ன யக்கா?” என்பார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“யக்கா, ஆவணில தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். தென்காசிலதான் மண்டபம். நான் தாய்மாமன்லா, மூணு பவுனாவது போடணும். அதான், கெடக்கிற பணத்த எடுத்துத் தாங்க.”

“எந்தப் பணம் இசக்கி?”

“என்ன இப்பிடிக் கேக்கீய? மாசாமாசம் கம்பெனில கெடக்கட்டும்னு விட்டேம்லா. நீங்கதானே பாரம் நெரப்பித் தந்தீய.”

அவர் கேட்டது அவருடைய பென்ஷன் பணத்தை. ஐம்பத்தைந்து வயது ஆகாமல் அதில் ஒரு பென்னிகூட எடுக்க முடியாது. அந்த ஐம்பத்தைந்தையும் ஐம்பத்தேழாக உயர்த்தப் போகிறார்கள். கல்யாணமோ இன்னும் பத்து வாரத்தில்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இங்கே இதற்கு சாலரி சாக்ரிஃபைஸ் என்று பெயர். முதல் தடவை இசக்கிக்கு நான் அதைச் ‘சம்பளத் தியாகம்’ என்று மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தியாகம் ஒன்றும் இல்லை. “என் சம்பளத்தில் இவ்வளவை நான் விட்டுக்கொடுக்கிறேன், அதற்குப் பதிலாக அதை என் பென்ஷனில் கட்டிவிடுங்கள்” என்று தொழிலாளி கம்பெனியோடு ஒப்பந்தத்தையே மாற்றி எழுதிக்கொள்வதுதான். காகிதத்தில் சம்பளம் குறைந்துவிடுவதால் அரசாங்கத்துக்குக் கட்டும் பிடித்தமும் குறையும். தொழிலாளிக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம். நல்ல ஏற்பாடு.

ஆனால் அதற்கு ஒரு தரை உண்டு. குறைந்தபட்சக் கூலி என்று அரசாங்கம் ஒன்றை வைத்திருக்கிறது. கணக்குக்கு அதை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சம்பளம் நூற்றுப்பத்து. அவர் பத்தை விட்டுக்கொடுக்கலாம், மீதி நூறு நிற்கும். பதினொன்றை விட்டுக்கொடுக்க முடியாது. தொண்ணூற்றொன்பதாகிவிடும். அவரே ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. மீறினால் குற்றம் கம்பெனியின் மேல்தான். குறைந்துபோன காசைத் தொழிலாளிக்குக் கொடுத்தாக வேண்டும், அதற்குமேல் அபராதமும் உண்டு.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதே ஆள் நூற்றுப்பத்தையும் சம்பளமாக வாங்கி, அதிலிருந்து சாதாரணமாகப் பென்ஷனுக்குப் பதினொன்று பிடிக்கச் சொன்னால் தவறே இல்லை. கையில் வருவது கிட்டத்தட்ட அதே காசுதான். கூலி வாங்கிச் சேமிப்பது வேறு, கூலியையே குறைத்துக்கொள்வது வேறு என்று சட்டம் பார்க்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்தபோது, வேலை வெட்டி இல்லாதவர்கள் உட்கார்ந்து தலைமுடியைப் பிளந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

இசக்கி போன கார்த்திகையில் இதற்கான விண்ணப்பப் பாரம் கேட்டு வந்தார். எவ்வளவு விட முடியுமோ அவ்வளவையும் விடுகிறேன் என்றார். தரைக்குக் கீழே போகாமல் எவ்வளவு விடலாம் என்று நானே பார்த்துச் சொன்னேன். எதற்காகச் சேமிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கூட வேலை பார்க்கிற வெள்ளைக்காரப் பையன்கள் வாரக் கடைசிக்குள் சம்பளத்தைக் கரைக்கும்போது, எங்கள் ஊர் ஆள் ஒருவர் இப்படி மிச்சம் பிடிக்கிறாரே என்று எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

3

“கெடக்கட்டும்” என்று இசக்கி சொன்ன அந்தச் சொல் எனக்குப் புதிது இல்லை. குற்றாலத்தில் எங்கள் அப்பாவும் ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். ஐந்தருவி போகிற சாலையில் இருபது அறை. வயல்களை விற்று வாங்கியது. அப்பா காலமான பிறகு அதையும் விற்றாயிற்று.

சீசன் வந்தால் வடகரையிலிருந்தும் வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்தும் எட்டுப் பேர் வேலைக்கு வருவார்கள். சமையல், அறை பெருக்குவது, விரிப்பு துவைப்பது, வண்டி வந்தால் ஓடிப்போய்ப் பெட்டி தூக்குவது எல்லாம் அவர்கள்தான். சாப்பாடும் படுக்கையும் லாட்ஜிலேயே. சம்பள நாளில் அப்பா ரூபாயை எண்ணி நீட்டுவார். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

“எங்கிட்ட இருந்தா நிக்காது அண்ணாச்சி. ஒங்ககிட்டயே கெடக்கட்டும். சீசன் முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்கிடுதேன்.”

அப்பா ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். டீச்செலவுக்கு மட்டும் அவ்வப்போது கொஞ்சம் கொடுப்பார். சாரல் ஓய்ந்து ஆவணியில் கூட்டம் வடிந்ததும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து மொத்தப் பணத்தையும் கொடுப்பார். கூடவே ஒரு வேட்டி, வீட்டுக்காரிக்கு ஒரு சேலை. ஒரு ரூபாய் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. அவர்களில் ஒருவர் அந்தப் பணத்தில் பசு வாங்கினார், இன்னொருவர் ஓட்டு வீடு கட்டினார். எங்கள் அப்பா ஒரு பேங்க் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். இன்றைக்கும் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு நாவெல்லாம் இனிக்கிறது.

இசக்கி வேலை பார்த்த லாட்ஜிலும் இதே வழக்கம்தான். பென்ஷன் பாரத்தைப் பார்த்ததும் அவர் மனதில் ஓடியது இதுதான். முதலாளியிடம் கிடக்கட்டும், ஆவணியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். தென்காசிக்காரியான நானும் அதே மயக்கத்தில்தான் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். வேறு ஊர்க்காரி என் நாற்காலியில் இருந்திருந்தால், “இது வயதான காலத்துக்கு, தெரியுமில்லையா?” என்று வாயைத் திறந்து கேட்டிருப்பாள்.

4

பணத்தை எடுக்க முடியாது என்று சொன்னதும் இசக்கி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அப்பிடியா யக்கா” என்று மட்டும் சொன்னார். பிறகு, “தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேனே, மாப்பிள்ள வீட்லயும் சொல்லிட்டாவ” என்றார். தகப்பன் இல்லாத பிள்ளை அந்தப் பெண். மாமன் போடுகிற மூன்று பவுனை வைத்துத்தான் பேச்சே முடிந்திருக்கிறது. நகை குறைந்தால் மண்டபத்தில் தலைகுனிந்து நிற்கப்போவது தங்கை.

இனிமேலாவது முழுச் சம்பளமும் அவர் கைக்கு வரட்டும் என்று ஏற்பாட்டை நிறுத்துவதற்காக அவர் கணக்கைத் திறந்தேன். அப்போதுதான் இரண்டாவது இடி. ஏப்ரல் மாதம் அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியிருந்தது. இசக்கியின் பழைய சம்பளம் புதிய தரைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுத்தது போக நின்ற சம்பளம், மணிக்குச் சில பென்ஸ் கணக்கில், தரைக்குக் கீழே போயிருந்தது. தரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் பட்டியலை ஏப்ரலில் எடுத்தவள் நான்தான். விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் உள்ள சம்பளத்தை வைத்து எடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாகக் கம்பெனி சட்டத்தை மீறிக்கொண்டிருந்தது, என் தயவில்.

சும்மா விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சரிசெய்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இசக்கி கேட்கப்போவதில்லை, அவர்தானே விட்டுக்கொடுத்தார். ஆனால் கால்கள் தாமாகவே ஹெலனின் அறைக்கு நடந்தன. ஹெலன் எங்கள் சம்பளப் பிரிவின் தலைவி. அறுபது வயது, சிக்கனமான பேச்சு. இருபத்திரண்டு ஆண்டில் எனக்குக் கிடைத்த மேலதிகாரிகளில் இவரிடம்தான் எனக்குப் பயமும் மரியாதையும் ஒரே அளவில் உண்டு.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “அவராகவே கேட்டுக் கையெழுத்துப் போட்டதுதான்” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஹெலன் கண்ணாடியைக் கழற்றினார். “அவர் சம்மதித்தாரா என்று சட்டம் நம்மைக் கேட்கவில்லை. அதைப் பதிலாக நாம் சொல்லவும் கூடாது” என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பட்டியல் புதிதாக எடுக்கப்பட்டது. இசக்கியைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஏப்ரலிலிருந்து குறைந்த காசை அடுத்த சம்பளத்திலேயே கொடுக்க உத்தரவானது. பென்ஷனில் ஏற்கெனவே கட்டியதையும் திரும்பக் கேட்கக் கூடாது என்று முடிவானது. மூன்று பேருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போயிற்று. கடிதத்தில் ஹெலனே கையெழுத்துப் போட்டார். என் பெயர் அதில் எங்கும் இல்லை.

இந்த நாட்டில் குறைசொல்ல எனக்கு ஆயிரம் விஷயம் உண்டு. பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்தவள் நான். விசா அலுவலகத்தில் என் அப்பா பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கி, எட்டு வருடம் என்னை ‘மிஸ்டர் சங்கரநாராயணன்’ என்று கூப்பிட்டுக் கடிதம் போட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போது எனக்கு இந்த நாட்டின் மேல் உண்மையாகவே மதிப்பு பொங்கியது. தனக்குக் கெடுதல் என்று தெரியாமல் ஒருவர் தானே விட்டுக்கொடுத்தாலும், அதை வாங்கிக்கொள்ளக் கூடாது என்று எதிராளியின் கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். இதை எழுதிவைத்தவர் யாராக இருந்தாலும் கூலி வேலையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

5

வீட்டுக்கு வந்து என் மகளிடம் இதைச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசச் சோம்பல். குற்றாலத்துக்கு இரண்டு தடவை கூட்டிப்போயும், “நல்ல ஃபால்ஸ், ஆனா ரொம்பக் கூட்டம்” என்பதற்குமேல் அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. தாத்தாவை அவளுக்குப் படத்தில்தான் தெரியும். இந்தத் தடவையாவது தாத்தாவைப் பற்றிப் பெருமையாக நினைக்கட்டும் என்று நோட்டு, வேட்டி, பசு வாங்கிய கதை எல்லாவற்றையும் சொன்னேன்.

கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள், “அந்தப் பணத்த தாத்தா எங்க வச்சிருந்தாங்க?” என்றாள்.

“எங்க வச்சிருந்தாங்கன்னா?”

“பேங்க்னு சொல்றீங்கல்ல. பேங்க்ல போட்ட காச அவங்க யூஸ் பண்ணுவாங்கல்ல. தாத்தாவும் யூஸ் பண்ணாங்களா?”

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் நான் கல்லூரியில் சேர்ந்தது ஓர் ஆடி மாதம். ஹாஸ்டல் பணமும் கல்லூரிப் பணமும் அப்பா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த நோட்டு இருந்த அதே தட்டிலிருந்து. அந்த வருடம் சாரல் ஏமாற்றிவிட்டது. அருவியில் நூலாகத் தண்ணீர், அறைகள் பூட்டிக் கிடந்தன. ஆவணியில் எட்டுப் பேரையும் கூப்பிட்டு, “கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா” என்றார் அப்பா. “அதுக்கென்ன அண்ணாச்சி, கெடக்கட்டும்” என்றார்கள். சபரிமலை போகிற ஐயப்ப சாமிகள் வந்து தங்கிப்போன பிறகு, தை மாதத்தில், எட்டுப் பேருக்கும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். வேட்டி சேலையும் உண்டு.

“முழுசாக் குடுத்துட்டாரு” என்றேன் மகளிடம்.

“ஓகே” என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஊரைவிட்டு விலகிப்போகிற பிள்ளை என்று இவளைப் பற்றி எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைதான் இத்தனை வருடம் எனக்குத் தோன்றாத கேள்வியைக் கேட்டாள்.

6

ஜூன் மாதச் சம்பளத்தோடு இசக்கிக்குப் பாக்கிப் பணமும் போயிற்று. பெரிய தொகை இல்லை. ஒரு கல்யாணப் பட்டு எடுக்கலாம், அவ்வளவுதான். ஏற்பாட்டை நிறுத்தியதால் மாதச் சம்பளம் முன்பைவிடக் கூடுதலாக வரும். மனைவியின் ஓவர்டைம் பணத்தையும் சேர்த்தால், கிளம்புவதற்குள் இரண்டு பவுன் தேறிவிடும் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது பவுனுக்கு வழியில்லை. அவரே தங்கைக்கு போன் போட்டு அதைச் சொன்னார். தங்கை அழுதாளாம். பிறகு, “ரெண்டு போதும்ணே, நீங்க வந்து நின்னாப் போதும்” என்றாளாம். மாப்பிள்ளை வீட்டில் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பிறகு இறங்கிவந்திருக்கிறார்கள்.

சம்பளம் வந்த மறுநாள் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார் இசக்கி. சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இத லெட்டர்ல கையெழுத்துப் போட்ட அந்த அம்மாகிட்டக் குடுத்துருங்க யக்கா.”

பாக்கிப் பணத்தை அப்படியே ஏ.டி.எம். மிஷினில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு ஒவ்வொரு காசாகப் பார்க்கிற மனிதர்.

“எதுக்குத் தம்பி?”

“இது நானா விட்டுக்குடுத்தது. பென்ஷன்லயும் கட்டிட்டாவ, கையிலயும் தாராவ. ஒரே வேலைக்கு ரெண்டு கூலி வாங்குனா நல்லாவா இருக்கு? அவியளும் நல்லவியளா இருக்காவ.”

நான் அசந்துபோனேன். மூன்றாவது பவுனுக்கு வழியில்லாத நேரத்தில் இப்படி ஒருவரால் கவரை நீட்ட முடிகிறதே. திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை, வாங்கினால் கம்பெனி மறுபடியும் குற்றவாளியாகும் என்று விளக்கினேன். இது இனாம் இல்லை, உங்கள் சம்பளம் என்றேன். அவர் நம்பாமல் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்காமலே எப்பிடிக் குடுக்காவ?” என்றார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, “லாட்ஜுல இருந்தப்ப நீங்க சீசன் நடுவுல எப்பமாது பணத்தக் கேட்டிருக்கீங்களா இசக்கி?” என்று கேட்டேன்.

“எங்க அண்ணாச்சி தங்கமான மனுசன் யக்கா. பதினோரு சீசன்ல ஒரு பைசா கொறஞ்சதில்ல.”

“அது சரி. நடுவுல கேட்டிருக்கீங்களா?”

டீயை ஊதிக் கொஞ்சம் குடித்தார்.

“ஒருக்கா போனேன். அம்மாவ தென்காசி ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். எம்பணம் நெறைய அவியகிட்டக் கெடந்துது. வாசல்ல போயி நின்னேன். அண்ணாச்சி வெளிய வந்து, ‘என்னலே இசக்கி, டீ குடிச்சியா?’ன்னாவ. அவ்வளவு பிரியமாக் கேட்டாவ. நம்மள நம்பலயான்னு நெனச்சிருவாவளோன்னு இருந்துச்சு. ‘குடிச்சிட்டேன் அண்ணாச்சி’ன்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். பொறவு வீட்டுக்காரி லெட்சுமி கம்மல அடகு வச்சுத்தான் வைத்தியம் பாத்தோம்.”

“அவர்கிட்டச் சொல்லியிருந்தா உடனே தந்திருப்பாரே.”

“தந்திருப்பாவ. யாரு இல்லங்கா? நல்ல மனுசன்கிட்டப் போயி எம்பணத்தத் தாங்கன்னு எப்பிடிக் கேக்க?”

பிறகு கவரை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஷிப்டு மணி அடித்துவிட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் அப்பாவும் வாசலுக்கு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார், டீ குடித்தாயா என்று. நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் இருந்த அந்த ஆவணிக்கும் தைக்கும் நடுவில், எட்டுப் பேரில் எத்தனை பேர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, குடித்துவிட்டேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்களோ, எனக்குத் தெரியாது.